எட்டுப் பேர் கூடாரத்தின் இரண்டு கயிறுகள்

1

என் கணவர் கடைசியாக என்னிடம் கேட்டது, சர்க்கரை டப்பாவை எங்கே வைத்தாய் என்பது. பிற்பகல் நாலு மணி, ஏரிக்கரை. "உங்க முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு" என்றேன். திரும்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு முன்னால வச்சாத்தானே தெரியும்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் கூடாரத்தோடுதான்.

இந்தக் கதை அந்த டப்பாவிலிருந்து பிறந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது உண்மையில்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில் பெரிய மகள் பல் துலக்கிக்கொண்டே பேசியதிலிருந்து பிறந்தது.

"அம்மா, பரண்ல அப்பாவோட டென்ட் இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை நானும் அத்தையும் எடுத்துட்டுப் போறோம்."

"அது பழசாயிருக்கும்."

"பரவால்ல." வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள். "கயிறெல்லாம் அதுலயேதான் இருக்கா?"

இருக்கும் என்றேன். அவளுக்குப் பதினாறு வயது. அந்தப் பையை ஆறு வருடங்களாக யாரும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் ஒன்று இதை எழுதி முடிக்க வேண்டும், அல்லது பரணில் ஏற வேண்டும்.

2

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அடுத்தவர் வாக்கியத்தில் எது இடறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். இனி என் வாக்கியங்கள்.

தொடக்கம்: "குடும்பத்துக்குக் கூடாரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, கடையிலேயே அதற்குள் படுத்துப் பார்ப்பது." கட்டுரை வாசனை அடிக்கிறது. இருக்கட்டும். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

"எட்டுப் பேருக்குன்னு போட்டிருப்பாங்க" என்றார் கடைக்காரர். "எட்டுப் பேரும் தீப்பெட்டில குச்சி மாதிரி படுத்தா சரியா இருக்கும். உங்க அஞ்சு பேருக்கு இதுதாங்க அளவு."

நானும் என் கணவரும், இரண்டு பெண்களும், என் நாத்தனாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகப் படுத்தோம்.

"அண்ணன் குறட்டைக்குத் தனி ரூம் இருக்காங்க இதுல?" என்று நாத்தனார் படுத்தபடியே கேட்டாள்.

"நடுவுல திரை இருக்குங்க."

"திரை பத்தாது. சுவர் வேணும்."

இரண்டு கூடாரங்கள் இருந்தன. ஒன்று குட்டை, கவிழ்த்த கிண்ணம் மாதிரி. மற்றது நெட்டை. காற்று அடிக்கிற இடமென்றால் குட்டைதான் நல்லது என்றார் கடைக்காரர். என் கணவருக்கும் அதுதான் பிடித்திருந்தது. லாரி ஷெட்டில் சுமைகளுக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டுவது அவர் வேலை. "எந்த லோடும் உசரமாச்சுன்னா வம்புதான்" என்றார்.

நான் நெட்டைக்குள் போய் நிமிர்ந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தேன். "இதுலதான் நின்னு துணி மாத்த முடியும். குனியறதுக்கு வீட்லயே எனக்கு வேலை இருக்கு."

அவர் சிரித்தார். "சரி, இதையே போடுங்க. கட்டறது நம்ம கைலதானே இருக்கு."

[இங்கேயே நிறுத்திவிட்டால் பழி என்மேல் விழும். அது எனக்குச் சௌகரியம். ஆனால் பெரியவள் கூடாரத்தின் உயரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கயிற்றைப் பற்றித்தான் கேட்டாள்.]

3

எழுத எழுத அவர் ரொம்ப நல்லவராகிக்கொண்டே போகிறார். இந்த மனிதர்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. ஆகவே திருத்தம்: கயிறு என்று வந்துவிட்டால் அவர் பொல்லாதவர். கிளம்புவதற்கு முன் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் எங்களை இரண்டு தடவை கூடாரம் அடிக்க வைத்தார். முளையைச் செங்குத்தாக அடித்ததற்காக என்னைத் திட்டினார். முளை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டுமாம். இழுகயிறுகளில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை அவர் நம்பியதே இல்லை. கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார். லாரியிலும் அப்படித்தான். "கை வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது" என்பார்.

பெண்களுக்குக் கயிறு சுற்றக் கற்றுக்கொடுத்தார். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எட்டுப் போட்டு, சுருளின் இடுப்பில் ஒரு சுற்று, நுனியை இரண்டு தடவை செருக வேண்டும். பெரியவள் அரை மணியில் பிடித்துக்கொண்டாள்.*

* எனக்கு வரவே இல்லை. நான் சுற்றிய கயிறு கோழி கிளறியது மாதிரி இருக்கும். சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. நாத்தனார் முயன்றுகூடப் பார்க்கவில்லை. இந்தக் குறிப்பு வேடிக்கைக்காக எழுதியது அல்ல.

4

ஏரிக்கரையில் கூடாரம் நன்றாகத்தான் நின்றது. பன்னிரண்டு கயிறுகள். தண்ணீர்ப் பக்கம் மூன்று. பாத்திரம் கழுவ அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னவள் தட்டோடு போய்க் கயிறு தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். நாத்தனார் அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அவர் காரில் துணி தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது தண்ணீர்ப் பக்கத்துக் கயிறுகளில் இரண்டை

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். எழுவாய் பிறகு.)

நாலு மணி, சர்க்கரை டப்பா. ஏரியின் அக்கரை வெளுத்தது. காற்று தண்ணீரின் மேல் வருவதைப் பார்க்க முடிந்தது. முன்கூட்டியே தெரிந்தும் எதுவும் செய்ய நேரமில்லை. கூடாரத்தின் அந்தப் பக்கம் விம்மி எழுந்தது. "யாரு இதை அவுத்தது" என்று கேட்டுக்கொண்டே ஓடினார். எங்களைக் கேட்கவில்லை, கூடாரத்தைத்தான் கேட்டார். மிச்சமிருந்த மூன்றாவது கயிற்றைப் பிடித்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பின்னால் சாய்ந்தார்.

எட்டுப் பேர் படுக்கும் துணி மொத்தமும் ஒரே மூச்சில் எழும்பியது. அவரையும் இழுத்துக்கொண்டு போனது. கை வழுக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் கார்கள் ஏறாமலிருக்கச் சிமென்ட் கட்டைகள் போட்டிருந்தார்கள். முதல் கட்டையில்

அவ்வளவுதான்.

மறுநாள் நாத்தனார்தான் தனியாகப் போய் எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக் கொண்டுவந்தாள். அடுப்புப் பலகையில் இருந்த இரண்டு கயிற்றுச் சுருள்களைக் கடைசியாக மேலே போட்டாள். "பாரேன் அண்ணி, எவ்வளவு அழகா சுத்தி வச்சிருக்காரு அண்ணன்" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை.

5

முடிவு அ: அந்த வாக்கியத்தின் எழுவாய் "நான்". கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். பெரியவள் இதை நம்புவாள், ஞாயிற்றுக்கிழமை பையைத் திறக்கும்வரை. திறந்தால் சுருள்கள் மேலாகவே கிடக்கும். நான் சுற்றியதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

முடிவு ஆ: யாரும் அவிழ்க்கவில்லை. மண் இளகி முளைகள் பிடுங்கிக்கொண்டன. இதற்கும் அந்தச் சுருள்கள் இருக்கக் கூடாது.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் பரணில் ஐந்து நிமிட வேலை போதும். சுருள்களைப் பிரித்து உதறி மற்றக் கயிறுகளோடு கலந்துவிட்டால் கதை தயார்.

வியாழக்கிழமை பெரியவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னம்மா இது, மூணு நாளா ஒரே ப்ரூஃப்?"

"பிழை நிறைய."

"யாரு எழுதினது?"

"ஒரு அம்மா."

"கதை நல்லாருக்கா?"

"ஒரு வாக்கியம் பாதியில நிக்குது."

அவள் கதவின் விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டே நின்றாள். "நீ முடிச்சுக் குடுக்க முடியாதா? உன் வேலைதானே."

"எழுதினவங்களைக் கேக்காம முடிக்கக் கூடாது."

"கேளு அப்போ" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை.

6

பாதியில் நின்ற வாக்கியம் இப்படி முடிகிறது: அப்போது தண்ணீர்ப் பக்கத்துக் கயிறுகளில் இரண்டைப் பத்து வயதுப் பெண் ஒருத்தி அவிழ்த்தாள், தங்கை மறுபடி விழக் கூடாதென்று.

ஆறு வருடங்களாக அவள் சுமப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் இதற்கு அடுத்த வாக்கியம் அவளுக்கு மறந்திருக்கலாம். இந்தக் கதையில் அச்சேறாமல் விட்டுப்போனது அது ஒன்றுதான்: அவிழ்ப்பதற்கு முன் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ராத்திரிச் சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் கத்தி. சரி என்று தலையாட்டினேன்.

அவ்வளவு லேசான தலையசைப்பு. பத்து வயதில் அது நினைவில் நிற்காது. நாற்பதில் நிற்கிறது.

சனிக்கிழமை மதியம் வீட்டில் யாருமில்லாதபோது ஏணி போட்டேன். பையின் ஜிப் பாதியில் சிக்கியது, அவர் இருந்தபோதும் அங்கேதான் சிக்கும். இழுத்துத் திறந்தேன். ஈரம் காயாமல் மடித்த துணியின் வாசனை. சுருள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நுனியை நகத்தால் நெம்பினேன். கொஞ்சம் நெகிழ்ந்தது.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்பதைத்தான் நீங்கள் முடிவு என்று கேட்பீர்கள். இந்தத் தாள்களை என் மேசையிலேயே விட்டேனா, கிழித்தேனா, பைக்குள் வைத்து ஜிப்பை மூடினேனா? மூன்றையும் எழுதிப் பார்த்து மூன்றையும் அடித்துவிட்டேன். நாளை காலை ஏணியில் ஏறப்போவது நானில்லை. இதைப் படிப்பது நீயாக இருந்தால் முடிவு உன்னிடம். வேறு யாராவதென்றால் உங்களிடம்.

என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றுதான். நெகிழ்ந்த நுனியை அழுத்தி உள்ளே தள்ளிவிட்டேன். இரண்டு கயிறுகளும் பையில் மேலாக, எட்டுப் போட்டு, இடுப்பில் ஒரு சுற்றோடு, நுனி இரண்டு தடவை செருகியபடி இருக்கின்றன.