கன்ட்ரோல் தட்டு

"கன்ட்ரோல் தட்டையும் கட்டுரையில போடுங்க சார்."

ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே சீனியர் திலகவதி எச்சரித்திருந்தாள்: "என்ன வேணா கேளு. சார் எழுதுனத மாத்தச் சொல்லி மட்டும் கேட்றாத." இரண்டு வருடம் கேட்கவில்லை.

பேராசிரியர் சக்கரபாணி முட்டை பப்ஸைக் கடித்தார். "எந்தத் தட்டும்மா?"

"செத்த தட்டு. இருபத்துநாலும்."

எங்கள் வேலை கோழிக்கருவில். புரதம் எதையும் உண்டாக்காத ஓர் ஆர்.என்.ஏ.; ஒரு காலத்தில் குப்பை என்று தள்ளிய வகை. இறக்கை முளைக்கும் இடத்தில் எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும் என்று அதுதான் பார்த்துக்கொள்கிறது, அது முடங்கினால் கருவே பிழைக்காது என்பது சாரின் கட்சி. ஓட்டில் சன்னல் வெட்டி, ஒரு தட்டு முட்டைகளுக்கு அதை முடக்கும் மருந்தைச் செலுத்துவேன். இன்னொரு தட்டுக்கு வெறும் உப்புநீர். அதுதான் கன்ட்ரோல். அது பிழைத்து, மருந்துத் தட்டு செத்தால்தான் பேச்சுக்கே அர்த்தம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தன் மின்ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட சார் இன்குபேட்டர் பிளக்கைப் பிடுங்கினார். திரும்பச் செருகவில்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் நெய்வேலியில் என் முட்டைகள் கரண்ட் இல்லாமல் செத்தன. திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் அடித்த நாற்றம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. நாற்பத்தெட்டையும் நான்தான் அள்ளிக் கொட்டினேன். விரலிடுக்கெல்லாம் பச்சைச் சளி.

கட்டுரையிலோ மருந்து போட்ட தட்டு மட்டும் செத்திருக்கிறது. கன்ட்ரோலுக்கு ஆறு மாதம் முந்தைய படம், கொழுகொழுவென்று. முதல் பெயர் என்னுடையது.

"கன்ட்ரோல்ங்கறது கான்ட்ராக்ட் ஆளு மாதிரி, எழில்மதி." சிரித்தார். "இருக்கணும். பேசக்கூடாது."

என் அப்பா இருபது வருடமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். தெரிந்துதான் சொன்னார்.

"பிளக்கப் புடுங்குனது நீங்க. ஆர்.என்.ஏ. இல்ல."

சிரிப்பு நின்றது. "உங்க வூட்லயே நீதான் மொத டிகிரி. பி.எச்டி.க்கு என் கையெழுத்து இன்னும் விழல. ஞாபகம் இருக்கா?"

"அந்தக் கையத்தான் பாத்துக்கினு இருக்கேன் சார்."

விரலில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. நக்கிக்கொண்டார்.

"ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன். போ."

கட்டுரை போகும் ஆய்விதழின் ஆசிரியருக்கான கடிதத்தைக் காலையிலேயே போனில் எழுதி வைத்திருந்தேன். பதிவேட்டின் பக்கங்கள், இரண்டு தட்டுகளின் படம், தொங்கிய சார்ஜர், எல்லாம் அதில். அவர் ஒத்துக்கொண்டிருந்தால் அழித்திருப்பேன். அவர் எதிரிலேயே அனுப்பினேன். லேப் கோட்டைக் கழற்றி அவர் மேசையில் போட்டேன்.

வாசலில் ஸ்கூட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வயரைத் தாண்டி நடந்தேன்.