நம்பிகெ என்று சொன்ன ஒன்பது வருஷம்

சுனிதாவின் கையில் மைக்கைக் கொடுத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டவர்களிடம் வயிறு சரியில்லை என்றேன். அதுவும் ஒரு வகையில் உண்மைதான், வயிறு அப்படி எரிந்தது.

அது தொண்ணூற்றெட்டு மே மாதம். காக்ஸ் டவுனில் எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து வருஷா வருஷம் மே மாதத்தில் பத்து நாள் ஊழியப் பயணம் போவோம். தூர தேசமெல்லாம் இல்லை. அந்த வருஷம் கே.ஆர்.புரம் தாண்டி, பெங்களூர் முடிந்தும் முடியாமலும் கிடக்கிற இடத்தில், கல் உடைக்கிறவர்களின் குடியிருப்பு. லீவு விட்ட பள்ளிக்கூடத்தில் தங்கல். பகலில் வீடு வீடாகப் போய் விசாரிப்போம், சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். போதகர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். கன்னடத்தில் 'பா' என்றால் 'வா' என்றுகூட அவருக்குத் தெரியாது. அவர் தமிழில் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் நின்று அதைக் கன்னடத்தில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஒன்பது வருஷமாக அந்த ஆள் நான்தான்.

மர்பி டவுனில் பிறந்து, தெருவில் சண்டை போட்டே கன்னடம் கற்றவள் நான். கார்மெண்ட்ஸ் பேக்டரியில் அறுபது பெண்களைக் கன்னடத்திலேயே கட்டி மேய்க்கிறேன். எழுத்து மட்டும் தெரியாது. ஜிலேபி ஜிலேபியாக இருக்கிறதே என்று அதன் பக்கம் போனதில்லை. பேசுவதற்கு எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டேன்.

முதல் மூன்று நாள் வழக்கம்போல நான் நின்றேன். நாலாம் நாள் காலையில் போதகர் என்னைக் கூப்பிட்டு, "வனஜாம்மா, ஒங்களுக்கும் தொண்டை கட்டுது. மிச்ச நாளுக்கு அந்தப் புதுப்பிள்ள நிக்கட்டுமே" என்றார். எனக்குத் தொண்டை கட்டவே இல்லை. "ஆகட்டும் ஐயா, உங்க இஷ்டம்" என்று சிரித்துவிட்டுப் போய், பாய் விரிக்கிற வேலையில் சேர்ந்துகொண்டேன். அந்தப் பாய்களை நான் உதறிய உதறலில் பக்கத்தில் நின்றவர்கள் தும்மினார்கள்.

சுனிதாவுக்கு இருபத்துநாலு வயது. அப்பா எங்கள் சபைத் தமிழர், அம்மா ரமா கன்னடக்காரி. ரமாவும் பயணத்துக்கு வந்திருந்தாள், சமையலுக்கு ஒத்தாசையாக. ஒத்தாசை என்ன ஒத்தாசை, மகளுக்குச் சேவகம் செய்யவே வந்தவள். கூட்டத்துக்கு முன்னால் பிளாஸ்கில் சீரகத் தண்ணீர். கூட்டம் முடிந்ததும் தலையில் எண்ணெய். "மொகத்த தொடைடா கண்ணு, வேர்த்திருக்கு" என்று ஒரு துண்டு. இந்தப் பெண் என்ன கையில்லாதவளா? பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அனுஷா. சுனிதாவும் அவளும் ஞாயிறு பள்ளியில் ஒரே வகுப்பு. அந்தப் பயணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், எனக்குத் தெரியாமல், கூட வேலை பார்க்கிற பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு வந்து வாசலில் நின்றாள். "இந்த வாசப்படிய மிதிச்சே, நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றேன். மிதிக்கவில்லை, போய்விட்டாள். விவேக் நகரில்தான் இருந்தாள், இரண்டு பஸ் மாறினால் வீடு. நானும் போகவில்லை, அவளும் வரவில்லை. அவள் அப்பா கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் மிக்ஸியும்தான் சத்தம் போட்டோம்.

ஜெபம் செய்யாமல் இல்லை. தினமும், "ஆண்டவரே, அவள் எங்கிருந்தாலும் சுகமாயிருக்கட்டும்" என்பேன். வரட்டும் என்று கேட்டதில்லை. கேட்டு, வராமல் போனால் என்ன செய்வது? தெரியாதவர்கள் பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தால் இல்லை என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லப் பழகியிருந்தேன்.

ஐந்தாம் நாள் கூட்டத்தில்தான் அது நடந்தது. பேசி முடித்த போதகர், "நம்பிக்கை இழந்து போனவங்க யாரும் இருந்தா கைய தூக்குங்க, உங்களுக்காக ஜெபிக்கணும்" என்றார். இதையே இரண்டாம் நாளும் கேட்டிருந்தார். அன்று நான் மைக்கில், "நம்பிகெ இல்லதவரு கை எத்தி" என்று கணீரென்று சொன்னேன். ஒரு கை எழும்பவில்லை. முன்வரிசையில் இருந்த லட்சுமம்மா என்ற கல் உடைக்கிற பெண்மணி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். அவள் பின்னால் பத்துப் பதினைந்து பேர் போனார்கள். "இந்த ஜனம் கல்லு உடைச்சு உடைச்சு கல்லாவே போயிடுச்சுங்க ஐயா" என்று போதகரிடம் சொன்னேன்.

இப்போது சுனிதா அதே வரியைச் சொன்னாள். மெதுவாக, பெரிய குரல்கூட இல்லை. "நிரீக்ஷெ களகொண்டவரு கை எத்தி."

எழும்பின பாருங்கள் கைகள்! மைதானம் முழுக்கக் கை. அன்றைக்கு எழுந்து போன அதே லட்சுமம்மா, யாரோ கூட்டிவந்தார்கள் போல, கடைசி வரிசையிலிருந்து முதலில் கை தூக்கினாள். தூக்கிய கையோடு அழுதாள். போதகர் அவர்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். எனக்கோ கர்த்தருடைய கிரியையாவது ஒன்றாவது, அந்தப் பெண் செய்த தப்பு ஒன்றுதான் காதில் கிடந்து குடைந்தது. நம்பிக்கைக்கு நேரான வார்த்தை நம்பிகெ. இரண்டும் அக்காள் தங்கச்சி மாதிரி இருக்கிறதே, இது தெரியாதா இவளுக்கு?

மறுநாள் காலையில் எல்லோரும் டீ குடிக்க உட்கார்ந்த இடத்தில் பிடித்துக்கொண்டேன். கோபம் வந்தால் எனக்கு மர்பி டவுன் பேச்சு வந்துவிடும்.

"இன்னாங்க ஐயா இது? நீங்க ஒண்ணு சொல்றீங்க, இந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லுது. நம்பிக்கைன்னா நம்பிகெ. சின்னக் கொயந்தைக்குக்கூடத் தெரியும். வேதத்தைத் திரிச்சு சொன்னா யாரு பொறுப்பு?"

சுனிதா தலையைக் குனிந்துகொண்டாள். போதகர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்னம்மா சுனிதா, அப்படியா?"

ரமா எழுந்து போய்த் தன் கன்னட வேதத்தை எடுத்துவந்தாள். விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் சேர்ந்து வருகிற இடத்தைப் போதகர் தமிழில் எடுத்தார், அவள் கன்னடத்தில் எடுத்தாள். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"விசுவாசம்னு நீங்க சொல்றதுக்குத்தான் ஐயா எங்க பாஷையில நம்பிகெ. நீங்க நம்பிக்கைன்னு சொல்றது நிரீக்ஷெ."

போதகர் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டார். "அப்பம், அன்னைக்கு வனஜாம்மா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நம்பிக்கை இழந்தவர்களை அவர் ஜெபத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான், விசுவாசம் இல்லாதவர்கள் யார் யார், கையைத் தூக்கிக் காட்டுங்கள் என்று ஊரை மிரட்டியிருக்கிறேன். அன்று ஒரு நாள் மட்டுமா? ஒன்பது வருஷம், ஒன்பது ஊர்.

"நானும் சின்ன வயசுல அப்படித்தான் ஆன்ட்டி சொல்வேன்" என்றாள் சுனிதா. "அம்மா திருத்தித் திருத்தித்தான்..."

எனக்காக இரக்கப்பட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவளுக்குத் திருத்த ஓர் அம்மா, அவள் அம்மாவுக்குத் திருத்த ஒரு மகள். அந்த இருவர் மேலும் எனக்கு வந்த பொறாமையை எந்தப் பாஷையில் சொல்வது?

"சரி, அந்த நிரீக்ஷெக்கு அப்படி இன்னா பெரிய அர்த்தம்?" என்றேன் வெடுக்கென்று.

"அர்த்தம்னா... வரும்னு பார்த்துட்டு இருக்கறது அக்கா" என்றாள் ரமா. "பஸ் ஸ்டாப்ல நிக்கறோமே, அந்த மாதிரி."

"வராத பஸ்ஸுக்கு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சபையில் எல்லோருக்கும் என் கதை தெரியும், என் வாய்க்குப் பயந்து பேசமாட்டார்கள். அவள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

போதகர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. "அந்த லட்சுமம்மாவ மட்டும் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்கம்மா" என்றார். மத்தியானம் போனேன். தகரக் கூரை வீட்டுக்கு முன்னால் ஒரு சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஆம்பிளைச் சட்டை. அன்றைக்கு நான் சொன்னது தப்பு வார்த்தை என்று கன்னடத்தில் சொன்னேன்.

"தேவர் மேலே நம்பிகெ இல்லைன்னு என்னை ஏன் கை தூக்கச் சொன்னீங்க?" என்று அவள் கேட்டாள். "எனக்கு எல்லாத் தேவர் மேலும் நம்பிகெ உண்டு. என் மகன் நரேஷ் மும்பைக்கு வேலைக்குப் போய் ஒண்ணரை வருஷம். ஒரு கடுதாசி இல்லை. நிரீக்ஷெதான் நடுவில் கொஞ்சம் விட்டுப்போச்சு. அதுக்கு ஜெபம் பண்ணுவாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு, கை தூக்கினேன்."

சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். புதுச் சட்டை மாதிரி இருந்தது, உடுத்திய அடையாளமே இல்லை. மாதத்துக்கு ஒரு தரம் துவைத்து வைப்பாளாம். வந்தால் போட்டுக்கொள்ள வேண்டாமா என்றாள்.

பிறகு எனக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள், "மக்களெஷ்டு நிமகெ?"

"மக்களில்ல" என்றேன். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கொடுத்து வைத்தவங்க" என்றாள், மனதாரத்தான் சொன்னாள். "காத்திருக்கிற கஷ்டம் உங்களுக்கு இல்லை."

திரும்பி நடக்கும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேலே என்று யோசித்தேன். அடிப் பாவி வனஜா, நீ இப்போது இந்த லட்சுமம்மா மேலேயும் பொறாமைப்படுகிறாயா? ஆமாம், பட்டேன். அவ்வளவு பெரிய மும்பையில் மகன் எங்கே இருக்கிறான் என்றுகூடத் தெரியாதவள் சட்டை துவைக்கிறாள். மகள் இரண்டு பஸ் தூரத்தில் இருக்கிற நான், பிள்ளையே இல்லை என்கிறேன். ஆண்டவர் இருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அவரால் முடியும் என்று ஒன்பது வருஷம் மைக்கில் கத்தியவள். ஆனால் எனக்குச் செய்வார் என்று பார்த்துக்கொண்டு இருந்தேனா? இல்லை. இரண்டு வருஷமாக இல்லை.

அன்று சாயங்காலம் பாய் விரித்து முடித்ததும் நான் ஓரத்துக்குப் போகவில்லை. பெண்களோடு நடுப்பாயில் உட்கார்ந்தேன். போதகர் பேசினார், சுனிதா சொன்னாள். கடைசியில் அதே கேள்வியைக் கேட்டார். "நிரீக்ஷெ களகொண்டவரு கை எத்தி" என்றாள் சுனிதா.

நான் கையைத் தூக்கினேன். எடை கூடிப்போன மாதிரி கனத்தது அந்தக் கை.

சுனிதா என்னைப் பார்த்துவிட்டு மைக்கைப் போதகரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். முட்டி போட்டு என் காதில், "தப்பா ஏதும் சொல்லிட்டேனா ஆன்ட்டி? மைக் நீங்க வாங்கிக்கிறீங்களா?" என்றாள்.

"வேணாம்டி. எனக்கு ஜெபம் பண்ணு."

"எதுக்காக?" என்றாள்.

"அனுஷாவுக்காக." இரண்டு வருஷத்தில் இன்னொரு மனுஷி காதில் விழும்படி அந்தப் பேரை அன்றுதான் சொன்னேன்.

"என்னன்னு கேக்கட்டும் ஆன்ட்டி?"

எங்கிருந்தாலும் சுகமாயிருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். தொண்டை அடைத்தது. இந்தத் தடவை நிஜமாகவே அடைத்தது.

"வரணும்னு கேளு. வீட்டுக்கு வரணும்னு. நான் சொன்னது தப்புன்னு நானே போய் சொல்லணும், அதுக்கும் கேளு."

அவள் என் தலையில் கை வைத்து ஜெபித்தாள். என் மகள் வயதுப் பெண், என் மகள் பேரைச் சொல்லி, என் இடத்தைப் பிடித்துக்கொண்டவள். பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகிறது? பக்கத்தில் ரமா துண்டோடு நின்றதைப் பார்த்தபோது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் சுனிதா, "கர்த்தாவே, அனுஷாவை வரப்பண்ணும்" என்று சொன்ன அந்த நிமிஷம், கண்ணை மூடியிருக்க வேண்டிய நான், திறந்து பள்ளிக்கூடத்துக் கேட்டைப் பார்த்தேன். நான் கே.ஆர்.புரம் தாண்டி இங்கே உட்கார்ந்திருப்பதே அவளுக்குத் தெரியாது. அவள் இங்கே வர ஒரு வழியும் இல்லை. தெரிந்தும் பார்த்தேன்.