முனை மடிந்த அட்டை

அண்ணி தன் மகனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்னால் சண்டை போட்டு வீட்டை விட்டுப் போனவனுக்கு, இந்தக் கிறிஸ்துமஸுக்குப் புதுச் சட்டை. "தோள் அகலமாகியிருக்கும், ஒரு சைஸ் பெருசா எடுத்தேன் தம்பி" என்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது எனக்கு அப்படியே மறந்துபோயிற்று.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து மூணாவது தடவையா கூப்பிட்டுட்டாங்க அண்ணி. ரத்தம் மட்டும் குடுத்துட்டு வந்துரலாம். பத்து நிமிஷ வேலை."

"யாரோ பெத்த பிள்ளைக்கு நான் எதுக்கு ரத்தம் குடுக்கணும்?"

கல்குவாரிக் குட்டையிலிருந்து எடுத்த உடல். முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. பெல்ட் மட்டும் இருந்தது. அவன் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த பெல்ட். ஒல்லிப்பிச்சான் இடுப்பில் அது நிற்கவில்லை என்று, நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு எடுத்துப்போய், காகிதத்தில் துளை போடும் மெஷினிலேயே இரண்டு ஓட்டை போட்டேன். இரண்டாவது கோணலாகிவிட்டது. "சித்தப்பா, உங்க மூஞ்சி மாதிரியே இருக்கு" என்று சிரித்தான், பாவி. அந்தக் கோணல் ஓட்டையைத்தான் பிணவறையில் பார்த்தேன். எனக்கு அது போதும், ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் போதாதாம். அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. டி.என்.ஏ. பொருத்திப் பார்க்கத் தாயின் ரத்தம் வேண்டும் என்றார்கள். நாளைக் காலைக்குள் வராவிட்டால் அனாதைப் பிணமாகப் புதைத்துவிடுவார்கள்.

அண்ணி வர மறுப்பதற்குக் காரணம் வேறு யாருமில்லை, நான்தான். எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒருவராக வரிசையில் வந்து, தட்டில் கவிழ்த்து வைத்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுப்பார்கள். அதிலுள்ள வசனம் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அவர்களுக்குத் தந்தது. அட்டையை அச்சகத்தில் வெட்டுவது நான், சர்ச்சில் தட்டைப் பிடிப்பதும் நான். போன வருடம் அண்ணி சாப்பாடு தூக்கம் இல்லாமல் எலும்பும் தோலுமாய் வந்து நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளை திரும்பி வருவான் என்கிற வசனத்தை முன்பே முனை மடித்து வைத்திருந்தேன். அவள் முறை வந்ததும் அதை மேலே தள்ளி, தட்டை அவள் பக்கம் சாய்த்தேன். அன்று மதியம் அண்ணி சாப்பிட்டாள். பெரிய காரியம் செய்துவிட்டதாக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போது அந்த அட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள், அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

"அது ஆண்டவர் குடுத்த அட்டை இல்ல அண்ணி" என்றேன். "நான் வெச்சது. முனை மடிஞ்சிருக்கு பாருங்க. அடையாளத்துக்கு நான்தான் மடிச்சேன்."

இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை.

"தெரியும் தம்பி. நீங்க தட்டைச் சாய்ச்சதை அன்னைக்கே பார்த்தேன்." காலரைத் திருப்பிப் போட்டாள். "சாய்ச்சது நீங்க. உங்களைச் சாய்க்க வெச்சது யாரு?"

"செத்துட்டான் அண்ணி! என் கண்ணால பார்த்தேன். அவனேதான்!" என்று கத்திவிட்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? வாயைக் கழுவுங்க." குரல் உயரவில்லை. சட்டையை மடித்து மாரோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "அவன் வர்ற வருஷம் இன்னும் முடியல."

மறுநாள் காலை நான் மட்டும் போனேன். ரத்தம் பொருத்திப் பார்க்காத பிணத்தை உங்களிடம் எப்படித் தருவது என்றார்கள். என் ஜெபப் புத்தகத்தை வெளியே எடுக்கவும் கூச்சமாயிருந்தது. இரண்டு ஆட்கள் பத்து நிமிடத்தில் குழியை மூடினார்கள். பெல்ட் எங்கே என்று கேட்டேன், உள்ளேயே போய்விட்டது என்றார்கள். பலகையில் நாற்பத்தேழு என்று பெயிண்டால் எழுதி நட்டார்கள். ஏழின் கால் வழிந்தது.

அதற்கடுத்த நாள் கிறிஸ்துமஸ். ஆராதனை முடிந்து வரிசை நகர்ந்து வந்தது. ஒவ்வொருவரும் கண்ணை மூடி ஒன்றை எடுத்து, படித்து, நெஞ்சில் ஒற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பழைய வசனம் இந்த வருட அட்டைக் கட்டிலும் இருந்தது. வெட்டும்போது கையில் வந்தது. கிழித்துப் போட்டிருக்கலாம்.

அண்ணி வந்து நின்றாள். குளித்து, தலை வாரி, கையில் அந்தச் சட்டையை வைத்திருந்தாள். மற்றவர்களைப் போல அவள் கண்ணை மூடவில்லை. தட்டைப் பார்க்கவுமில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கையை நீட்டினாள்.

தட்டு மெல்ல அவள் பக்கம் சாய்ந்தது.