ஒப்தூலியாவின் மூக்கு

கிரேதோஸ் மலையில் ஒயின் இல்லாத வீடு கிடையாது. ஆனால் ஒரு மிடறில் அது விளைந்த தோட்டத்தைச் சொல்கிற மூக்கு அந்த ஊரில் ஒன்றுதான், ஒப்தூலியாவின் மூக்கு. அந்த மூக்கு செத்துப்போனது அவள் கணவன் ஃபிதென்சியோவுக்கு மட்டும் தெரியும். காய்ச்சலில் படுத்து எழுந்த வாரம், அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து நாற்றம் தெருவரை போனது. அவளோ பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

சான் மார்த்தீன் திருநாளன்று நிலவறையில் புது ஒயினைத் திறப்பார்கள். குடும்பத்துக்கு மூன்று தோட்டங்கள்: ஆற்றோரம் ஒன்று, நடுச்சரிவில் ஒன்று, ஆடுகூட ஏறத் தயங்கும் உச்சியில் ஒன்று. நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மூன்றையும் மண்குவளைகளில் ஊற்றி வைப்பார்கள். உச்சித் தோட்டத்துக் குவளையை ஒப்தூலியா கண்டுபிடிக்க வேண்டும். தவறாகச் சொன்னால், வருஷாவருஷம் சுவைத்துச் சொல்லும் அந்த உரிமை வேறு ஆளுக்குப் போய்விடும். போனால் அவள் ஒடிந்துவிடுவாள்.

ஃபிதென்சியோ ஒரு திட்டம் போட்டான். பெரிய திட்டமெல்லாம் இல்லை, இருமல்தான். சரியான குவளையை அவள் எடுக்கும்போது இருமுவான். முப்பது வருஷம் அவனோடு குப்பை கொட்டியவளுக்கு இதுகூடவா புரியாது?

அன்று ஊற்றியவன் ஃபிதென்சியோவின் தம்பி கிறிசாந்தோ. எந்தப் பீப்பாயிலிருந்து எந்தக் குவளைக்குப் போகிறது என்று ஃபிதென்சியோ கழுத்தை நீட்டிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து சுட்டுத் தின்ன நெருப்பில் போட்டிருந்த கஷ்கொட்டை ஒன்று படாரென்று வெடிக்க, திரும்பிவிட்டான். மறுபடி பார்த்தபோது மூன்றும் பலகைமேல் வரிசையாக இருந்தன. நடுவில் இருப்பதுதான் என்று முடிவுகட்டினான்.

"என்ன அண்ணி, இந்த வருஷமாவது எனக்கு விட்டுக்குடுப்பீங்களா?" என்றான் கிறிசாந்தோ.

"உனக்கா? மீன்கடைக்குள்ள நின்னுக்கிட்டு நாத்தம் எங்கருந்து வருதுன்னு கேக்குற ஆளு நீ!"

அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவள் முதல் குவளையைச் சுவைத்துக் கீழே வைத்தாள். இரண்டாவதை எடுத்ததும் ஃபிதென்சியோ நுரையீரல் வெளியே வந்துவிடுகிற மாதிரி இருமினான்.

"யோவ், தண்ணியக் குடி," என்று சொல்லிவிட்டு அவள் மூன்றாவதை எடுத்தாள். வாயில் வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினாள். "இதுதான்."

போச்சு, எல்லாம் போச்சு என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா..."

"யோசிச்சாச்சு."

கிறிசாந்தோவின் முகம் தொங்கியது. "சரிதான். உச்சித் தோட்டமேதான்."

எல்லாரும் மேலே போன பிறகு ஒப்தூலியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னய்யா இருமல் அது?"

"தொண்டையில தூசி."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"பருப்பு கருகுனப்ப."

"பாவி, அப்பவே கேட்டிருக்கலாம்ல? தனியா கெடந்து அழுதேன்."

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். அது சரி, எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மூக்குதானே போச்சு, வாய் போகலையே. ஆத்தோரத்து ஒயின் வாயில பொத்துன்னு உக்காந்துக்கும். மேல ராத்திரி அந்தக் குளுரு குளுருதே, அங்க விளையுற பழத்துல புளிப்பு தங்கிடும். முழுங்குனதும் ரெண்டு கன்னத்துலயும் எச்சி ஊறும். அதுக்கு மூக்கு எதுக்கு?"

ஃபிதென்சியோவுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப உனக்கு ஒண்ணுமே போகல!"

"போயிருக்கு." அவள் குவளையைத் துடைத்தபடியே சொன்னாள். "தோட்டத்துலருந்து வந்து பக்கத்துல படுப்பியே, அந்த வாடை. அத நாக்கால எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?"

அவனுக்குச் சிரிப்பு வந்து பாதியிலேயே நின்றுவிட்டது.

"நாறுறேன்னு முப்பது வருஷமா திட்டுனியே?"

"திட்டுனேன்," என்றாள் அவள். "இப்ப அது இல்லாம தூக்கமே வரமாட்டேங்குது."