மப்ரூக்கா வாங்கிய டார்ச்

ஹாஜிம்மா ஃபத்ஹியாவின் கல்யாண மண்டபத்தில் காவலுக்குத் தலைவி மப்ரூக்காதான். பெண்கள் மட்டும் கூடும் விருந்தில் ஆண் காவலாளிக்கு இடமில்லை. வாசலில் நிற்பது, பைகளைத் திறந்து பார்ப்பது, வருகிறவர்களின் போன்களை வாங்கி எண் போட்ட துணிப்பைகளில் இட்டு அலமாரியில் பூட்டுவது எல்லாம் அவளும் அவளுக்குக் கீழே உள்ள மூன்று பெண்களும்தான். வருகிற பெண்கள் உள்ளே போனதும் மேலே போட்டிருக்கும் அபாயா அங்கியைக் கழற்றி, கூந்தலை விரித்து, கழுத்தும் தோளும் தெரிய ஆடுவார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு படம் வெளியே போனால் இந்த மிஸ்ராத்தா நகரத்தில் இரண்டு குடும்பங்கள் பேரன் காலம்வரை முகம் பார்த்துக்கொள்ளாது. ஆகவே போன் விஷயத்தில் மணமகளின் தாய்க்கும் விலக்கில்லை, காவல் பெண்களுக்கும் விலக்கில்லை. மப்ரூக்காவின் போனும் அதே அலமாரியில்தான் கிடக்கும்.

தன் கல்யாணத்துக்கு முன்பு ஊர்க் கழகத்துக்காக ஹேண்ட்பால் ஆடியவள் அவள். கோல் காக்கிற வேலை. தோளும் அகலம், குரலும் அகலம். இந்த வேலைக்கு அந்த இரண்டும் போதும் என்று நினைத்துத்தான் ஹாஜிம்மா அவளைச் சேர்த்தாள். வேறு சிலதும் வேண்டும் என்பது மப்ரூக்காவுக்குப் போகப்போகத் தெரிந்தது. முக்கியமாக, ஒரு நல்ல விளக்கு.

மண்டபத்துக்கு ஒரு டார்ச் இருக்கத்தான் செய்தது. முழங்கை நீளம், செங்கல் கனம். அலுவலக அறையில் ஓர் ஆணியில் தொங்கும். கோடைத் தொடக்கத்தில் ஒருநாள், விருந்து முடிந்து கூட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்கச் சற்று நேரமானது. மப்ரூக்கா சுவரைத் தடவிக்கொண்டே அலுவலக அறைக்குப் போய் ஆணியைக் கண்டுபிடித்து டார்ச்சை எடுத்து அமுக்கினாள். அது செத்துக்கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநிமிஷம் ஜெனரேட்டரும் வந்துவிட்டது. ஆனால் அவளுக்கு அன்று மனசு ஆறவில்லை. ஜன்னலே இல்லாத மண்டபம், மாடியில் இருக்கிறது, கீழே இறங்க ஒரே பளிங்குப் படிக்கட்டு. இது நிறைந்த கூட்டத்தில் நடந்திருந்தால்? ஆணியில் தொங்குகிற விளக்கு சுவருக்குத்தான் உதவும், இடுப்பில் இருப்பதுதான் நமக்கு உதவும் என்று ஹாஜிம்மாவிடம் சொன்னாள். நீயே பார்த்து நல்லதாக நாலு வாங்கி வா என்று ஹாஜிம்மா சொல்லிவிட்டாள்.

வீட்டில் அவள் கணவன் மிஃப்தாஹ் சிரித்தான். டார்ச்சில் பார்த்து வாங்க என்ன இருக்கிறது, பெரிதாக இருந்தால் நல்லது, சின்னதாக இருந்தால் கெட்டது என்றான். அவள் வேலைக்குப் போடுகிற நீள அங்கியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் இருந்த அஷூரின் கடைக்குப் போனாள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் கயிறு, தூண்டில், விளக்கு எல்லாம் வாங்குகிற கடை அது. கடலில் விளக்கு அணைந்தால் ஆள் கரை திரும்பமாட்டான். ஆகவே அஷூர் பொய்ச் சரக்கு வைக்கமாட்டான் என்பது அவள் கணக்கு.

அஷூரும் முதலில் பெரியதைத்தான் எடுத்து வைத்தான். பெட்டிமேல் அச்சடித்திருந்த எண்களைப் படித்துக் காட்டினான். அவள் பெட்டியைத் தள்ளிவிட்டு, கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற இருட்டறையைத் திறக்கச் சொன்னாள். அங்கியைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு டார்ச்சாக அங்கிப் பைக்குள் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பொத்தான் பக்கவாட்டில் இருந்ததெல்லாம் ஒதுங்கியது, இருட்டில் விரல் அதைத் தேடி அலைந்தது. பின்முனையில் பொத்தான் இருந்தவை மட்டும் தேறின, எடுத்த கையின் கட்டைவிரல் நேரே அங்கே போய் உட்கார்ந்தது. அமுக்கியவுடன் பளீரென்று மினுக்கி மினுக்கி அடிக்கிற ஒன்றை உடனே திருப்பிக் கொடுத்தாள். பயந்தவள் முகத்தில் இதை அடித்தால் படியிலிருந்து உருண்டே போவாள். தூரத்தில் நாணயம் அளவுக்கு வட்டம் போடுகிறதும் வேண்டாம். அது நடுக்கடலில் மிதவை தேடுகிறவனுக்கு ஆகும், பக்கத்தில் நிற்கிற நூறு பேரைப் பார்க்க ஆகாது. அகலமாக, ஓரம் மங்கிப் பரவுகிற வெளிச்சம் வேண்டும்.

கடைசியில் கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்பு டார்ச் மிஞ்சியது. அதைத் தலைக்குமேல் தூக்கி, சிமென்டுத் தரையில் விழ விட்டாள். அஷூர் கண்ணை மூடிக்கொண்டான். அது உருண்டு போய் எரிந்துகொண்டே கிடந்தது.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்கம்மா" என்றான் அஷூர்.

"பொண்ணுகிட்ட கேட்டா பதில் சொல்லும். இது சொல்லாதே, அதான் போட்டுப் பாக்குறேன்."

சார்ஜ் ஏற்றுகிற மாதிரி ஒன்று இதைவிடப் பிரகாசமாக இருக்கிறதே என்று அவன் கேட்டுப் பார்த்தான். கரண்ட் போகிற ஊரில் கரண்டை நம்பி விளக்கு வாங்குவதா என்று அவள் திருப்பிக் கேட்டாள். இந்தக் கறுப்பு டார்ச்சுக்கு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பென்சில் செல் இரண்டு போதும். பையில் மாற்று செல் இருந்தால் மறு உயிர். முதல் அமுக்குக்கு மெல்லிய வெளிச்சம், மறு அமுக்குக்கு முழு வெளிச்சம். அங்கிப் பையின் விளிம்பில் மாட்டிக்கொள்ள உறுதியான ஒரு கொக்கி. அதேபோல் நான்கு கட்டித் தரச் சொன்னாள்.

அதோடு விடவில்லை. விருந்து இல்லாத ஒரு காலையில் தன் மூன்று பெண்களையும் மண்டபத்தில் நிறுத்தி விளக்குகளை அணைத்தாள். ராப்ஹா, ஸால்மீன், ஹவ்வா மூவரும் முதலில் சிரித்தார்கள். ராப்ஹா டார்ச்சை எடுத்த எடுப்பில் மப்ரூக்காவின் கண்ணில் அடித்தாள். ஆள்மேல் அடிக்காதே, கூரைமேல் அடி என்று மப்ரூக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். கூரை வெள்ளைச் சுண்ணம். வெளிச்சம் மேலே போய்ப் பட்டுக் கீழே பனிபோல் இறங்கியது. சிரிப்பு நின்றுவிட்டது. அதன்பின் அவர்கள் காய்கறி வாங்கப் போனாலும் டார்ச் இடுப்போடு போனது. ஸால்மீன் வீட்டில், மாட்டுக்கு மணி கட்டியதுபோல் இருக்கிறதென்று அவளுடைய நாத்தனார் கேலி செய்தாளாம். ஸால்மீன் கழற்றவில்லை.

இலையுதிர்காலத்தில் ஒரு கல்யாணம் வந்தது. மணமகள் பெயர் ஸக்கியா. ஊரறிந்த குடும்பம். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு பெண்கள் வரத்தொடங்கி, மண்டபம் ஐந்து மணிக்கெல்லாம் நிரம்பிவிட்டது. முந்நூறு பேருக்குக் குறையாது. கொட்டடிக்கும் பாட்டுக்காரிகள் மேடைக்குக் கீழே உட்கார்ந்து பாடினார்கள். வெள்ளிச் சரிகைப் பட்டும் மார்பு நிறையத் தங்கமுமாக ஸக்கியா உயர்ந்த நாற்காலியில் இருந்தாள். நடுவில் சாம்பிராணிச் சட்டியில் தணல் கனன்றது.

பாட்டு உச்சத்துக்கு ஏறுகிற நேரத்தில் கரண்ட் போனது. யாரும் பதறவில்லை, இந்த ஊரில் இது புதிதல்ல. கொட்டு நின்றது, எல்லோரும் ஜெனரேட்டருக்காகக் காத்திருந்தார்கள். கீழே அது ஒருமுறை இருமியது. மறுபடி இருமியது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. உள்ளே தன் கை தனக்குத் தெரியாத இருட்டு. ஒரு குழந்தை வீறிட்டது. எங்கோ கண்ணாடி உடைந்தது. நெருப்பு என்று யாரோ சொன்னார்கள். சாம்பிராணித் தணலைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கு முந்நூறு பெண்களும் எழுந்தார்கள். நாற்காலிகள் சாய்கிற சத்தம் படிக்கட்டை நோக்கி நகர்ந்தது.

மப்ரூக்காவின் கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. அவள் யோசிக்கவில்லை, கை யோசித்தது. கூரையில் ஒரு நிலா விழுந்தது. எதிர்மூலையில் ஹவ்வாவின் வெளிச்சம், மேடையருகே ஸால்மீனுடையது. விடியற்காலைபோல மண்டபம் கண்ணுக்குத் தெரிந்தது. முகங்கள் தெரிந்தன. யார் குழந்தை யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தது. ராப்ஹா, தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, படிக்கட்டின் உச்சியில் நின்று வெளிச்சத்தைப் படிகள்மேல் இறக்கினாள்.

மப்ரூக்கா ஒரு நாற்காலிமேல் ஏறினாள். கோல் முனையிலிருந்து மைதானத்தின் மறுமுனைக்குக் கேட்கிற அந்தப் பழைய குரலை எடுத்தாள்.

"நெருப்பு இல்ல. கரண்ட்தான் போயிருக்கு. எல்லாரும் நின்ன இடத்துல உக்காருங்க. நாங்க இங்கேதான் இருக்கோம்."

முன்னால் நின்றவள் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துப் பின்னால் நின்றவள். வயலில் காற்றுக்குப் பயிர் சாய்கிறதுபோல் கூட்டம் அடங்கியது. ஸால்மீன் சாம்பிராணிச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

மணமகளின் பெரியம்மா மட்டும் எழுந்து வந்தாள். போன்களைத் திருப்பிக் கொடு, அவரவர் விளக்கில் அவரவர் போகட்டும் என்று அதட்டினாள். அலமாரி இருப்பது படிக்கட்டின் அடியில். திறந்தால் முந்நூறு பேரும் ஒன்றாக அங்கே பாய்வார்கள். மப்ரூக்கா நாற்காலியிலிருந்து இறங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது முடியாது பெரியம்மா, உங்கள் பொறுப்பு என் தலைமேல் என்று தணிந்த குரலில் சொன்னாள். அந்த அம்மாள் எதிரில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அதற்குள் கீழே ஆண்குரல்கள். முற்றத்தில் காத்திருந்த மணமகளின் அண்ணன்மார் உள்ளே எழுந்த கூச்சலைக் கேட்டுவிட்டார்கள். பெரிய அண்ணன் இத்ரீஸ் இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறினான், பின்னால் நாலைந்து பேர். ராப்ஹா கத்தினாள். மேலே தலைத்துணி தேடிப் பெண்கள் அல்லாடினார்கள்.

மப்ரூக்கா படிக்கட்டின் திருப்பத்துக்கு ஓடி, இரண்டு கையையும் விரித்து நின்றாள். வெளிச்சத்தை அவர்கள் முகத்தில் அடிக்கவில்லை. காலடியில் அடித்தாள். பளிங்குப் படியில் விழுந்த வெளிச்சத்தின் விளிம்பில் இத்ரீஸின் செருப்புகள் நின்றன.

"என் தங்கச்சி உள்ள இருக்கா. வழி விடு."

"உன் தங்கச்சி சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா தம்பி. அவளோட முந்நூறு வீட்டுப் பொண்ணுங்களும் இருக்காங்க, ஒருத்திக்கும் தலைல துணியில்ல. நீ இன்னும் ஒரு படி ஏறினா, இந்தக் கல்யாணத்த ஊரு எப்படிப் பேசும்னு யோசிச்சுக்கோ."

"அவங்க கத்தினாங்களே."

"கத்தினாங்க. இப்ப கத்துறாங்களா? காது குடுத்துக் கேளு."

அவன் கேட்டான். மேலே ஒரு கொட்டு மெல்ல எழுந்தது. பாட்டுக்காரிகளில் மூத்தவள் தானாகவே தொடங்கிவிட்டாள். இரண்டாவது கொட்டும் சேர்ந்தது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். அந்தக் குலவை சுவரில் மோதிப் படிக்கட்டில் இறங்கி வந்தது.

இத்ரீஸ் தலையைத் தாழ்த்திக்கொண்டான். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டான். ஜெனரேட்டரைப் போய்ப் பார், இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் அவள். அவன் தம்பிமாரைத் திருப்பிக்கொண்டு இறங்கினான். அவர்கள் இறங்கி முடிக்கும்வரை அவள் படிகளுக்கு வெளிச்சம் காட்டினாள்.

ஜெனரேட்டர் அன்று சரியாகவே இல்லை. அதனால் என்ன? மேடையருகே ஸால்மீனும் ஹவ்வாவும் கூரையில் வெளிச்சம் பிடித்து நின்றார்கள். செல் மங்கும்போது ஒருத்தி மாற்ற, மற்றவள் பிடித்தாள். ஸக்கியா நாற்காலியிலிருந்து இறங்கி ஆட வந்தாள். மேலிருந்து இறங்கிய அந்த மென்மையான வெளிச்சத்தில் வெள்ளிச் சரிகை தண்ணீர்போல அசைந்தது. சரவிளக்குகள் எரியும்போதுகூட இப்படி ஒரு மணமகளைப் பார்த்ததில்லை என்று பெரியம்மாவே சொன்னாள். படம் எடுக்க ஒருவர் கையிலும் போன் இல்லை. எல்லோரும் கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

கலையும்போது மப்ரூக்கா வரிசை வரிசையாகத்தான் இறக்கினாள். வயதானவர்கள் முதலில், குழந்தைக்காரிகள் அடுத்து. ராப்ஹா ஒவ்வொரு படியையும் காட்டினாள். கீழே எண் பார்த்துப் போன்கள் அவரவர் கைக்குப் போயின. ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கு, வேறு சேதமில்லை. ஹாஜிம்மா ஃபத்ஹியா கடைசிவரை வாசலிலேயே நின்றிருந்தாள். அதிகம் பேசுகிறவள் அல்ல. நான்கு பெண்களின் நெற்றியிலும் ஒவ்வொன்றாக முத்தமிட்டாள். ஹவ்வாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மப்ரூக்காவுக்குக் கால் கடுத்தது, தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆனால் உள்ளே என்னவோ நிமிர்ந்து நின்றது. கோல் காத்த நாட்களில் பந்து உள்ளங்கையில் அறைந்து நிற்குமே, அந்தச் சூடு.

மிஃப்தாஹ் அவளை அழைத்துப்போக வந்தால் எப்போதும் நாலு கட்டடம் தள்ளித்தான் வண்டியை நிறுத்துவான். மனைவி காவல் வேலை பார்க்கிறாள் என்பதை அவன் ஒளித்ததில்லை, சொல்லிக்கொண்டதும் இல்லை. அன்று முற்றத்துக்குள்ளேயே வண்டியைக் கொண்டுவந்திருந்தான். ஆண்கள் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு மணி நேரமாகக் கேட்டிருக்கிறான். இத்ரீஸ் அவளைக் கண்டதும் எழுந்து வழிவிட்டு, அக்கா, இந்த உபகாரத்தை எங்கள் வீடு மறக்காது என்றான். அவள் தலையசைத்தாள்.

மிஃப்தாஹ் வண்டியிலிருந்து இறங்கி, அத்தனை ஆண்களும் பார்க்க, சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"இது என் பொண்டாட்டி மப்ரூக்கா" என்றான், யாரும் கேட்காமலே.

அவள் ஏறி உட்கார்ந்தாள். தெரு முழுக்க இன்னும் கரண்ட் இல்லை. வழியெல்லாம் அவன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தான்: இத்ரீஸ் எந்தப் படியில் நின்றான், அவள் என்ன சொன்னாள், அவன் என்ன சொன்னான். தொண்டை வலித்தாலும் அவள் ஒன்றையும் விடாமல் முதலிலிருந்து சொன்னாள்.