தலைவர் வீட்டுப் பால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பால் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, 'தலைமை தாங்குவதும் நிர்வாகம் செய்வதும் ஒன்றா?' என்று எழுதித் தரச் சொன்னார்கள். மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டும், 'தலைவர் என்பவர் வழி காட்டுகிறார், நிர்வாகி என்பவர்—' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. எனக்கே கொட்டாவி வந்தது. அதனால் நானே ஒரு சங்கம் ஆரம்பித்து, ஆள் போட்டுவிட்டேன்.

2

தலைவர் மோகனசுந்தரம். தென்னந்தோப்பு, பத்து மாடு, கணீர்க் குரல். அவர் மைக் பிடித்தால் மாடுகூட— (அடித்துவிட்டேன். மலிவான வரி.) தனியார் பால் வண்டி ஊருக்குள் வந்து ஆசை காட்டியபோது, வீடு வீடாகப் போய் உறுப்பினர்களைப் பிடித்து வைத்தவர் அவர்தான்.

செயலாளர் மௌனிகா. பக்கத்துச் சித்தூர் கல்லூரியில் பி.காம். பாலைப் பரிசோதிப்பது, அளப்பது, வண்டி ஏற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. அவர் தலைமை, இவள் நிர்வாகம். சன்மானத்தைக் கொடுங்கள் என்று எழுந்திருக்கலாம்.

ஆனால் எனக்கு மௌனிகாமேல் சந்தேகம். இவ்வளவு ஒழுங்கான பெண்ணுக்குப் பயமே இருக்காதா? அதனால் அவளுக்கு ஸ்திரமாகாத, தற்காலிக வேலையைக் கொடுத்தேன். ஸ்திரமாக்கும் அதிகாரம் தலைவரிடம். எழுத்தாளன் புத்தி.

3

அன்று காலை தலைவர் வீட்டுக் கறவை ஆள் வரவில்லை. தலைவரே கேனோடு வரிசையில் நின்றார். (தலைவர் வரிசையில் நிற்பாரா? நிற்பார். அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.) பின்னால் ஆறுமுகசாமி. போன வாரம் தண்ணீர்ப் பால் என்று மௌனிகா திருப்பி அனுப்பிய ஆள். கோபத்தில் தனியார் வண்டிக்குப் போகவிருந்தவரை, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சமாதானம் சொல்லிக் கூட்டி வந்தவர் தலைவர்.

மௌனிகா தலைவரின் பாலில், தண்ணீர் கலப்பைக் காட்டும் லாக்டோமீட்டரை விட்டாள். பார்த்தாள். எடுத்துத் துடைத்து மறுபடி விட்டாள்.

"டிகிரி கொறையுதுங்கண்ணா," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

4

முதல் முடிவு: கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொள்கிறாள். வேலை ஸ்திரமாகிறது. விஷயம் எப்படியோ கசிந்து, ஆறுமுகசாமி தனியார் வண்டிக்குப் போகிறார், பின்னாலேயே பாதி ஊர். எழுதும்போதே கை கூசியது.

இரண்டாவது: தலைவர் சிரித்துக்கொண்டே, என் பாலையும் திருப்பி விடு என்று ஊர் கேட்கச் சொல்கிறார். கைதட்டல். மலருக்குப் பொருத்தம்தான். நான் நம்பவில்லை. தன் வீட்டுப் பால் என்றால் யாருக்கும் முதலில் சிரிப்பு வராது.

என் தலைவர் குனிந்து மெல்லத்தான் சொன்னார். "கேன் கழுவுன தண்ணி நின்னிருக்கும் அம்மிணி. இன்னிக்கு ஒரு நாளைக்குப் பாத்துக்க."

மௌனிகா கேனை மூடினாள். அவர் பக்கம் நகர்த்தினாள்.

"திருப்பி எடுத்துட்டுப் போயிருங்கண்ணா." இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

5

இப்போது யார் தலைமை, யார் நிர்வாகம்? நான் எழுதி வைத்த பதவிகள் எனக்கே குழம்பிவிட்டன.

தலைவர் கேன் பிடியில் கை வைத்தபடி நிற்கிறார். அடுத்து அவர் சொல்லப்போவதில் அவள் வேலை இருக்கிறது. அதை நான் எழுதமாட்டேன். அதற்குமுன் வரிசையில் யாராவது ஒருவர் அவளுக்காக வாயைத் திறக்க வேண்டும். ஆறுமுகசாமி தரையைப் பார்க்கிறார்.

அவருக்குப் பின்னால் நிற்பது நீங்கள்.