சீமைப்புல்

சிவசைலம் விடியுமுன் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினான். ஆற்றுக்குப் போய்க் குளித்தான். வேட்டியை அலசிப் பிழிந்தான். திருநீறு பூசினான். வீட்டுக்கு வந்து பழையதில் மோர் விட்டுப் பிசைந்து தின்றான். வட்டிலைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு நடந்தான்.

அங்கே துரை பங்களாச் சுவரில் ஒரு மூங்கில் கழி சாத்தியிருந்தது. அதை எடுத்துப் புல்தரையின் மேல் படுக்கைவாக்கில் இழுத்துக்கொண்டே போனான். நுனிகளில் நின்ற பனி உதிர்ந்தது. பனி நின்றால் இளம்புல் அழுகும் என்று விதையோடு வந்த அச்சுத் தாளில் இருந்தது. தோட்டக்காரன் செய்யவேண்டிய வேலை. கொஞ்ச நாளாக அவனே செய்தான். வீட்டில் விடியற்காலையை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை.

விரோதிகிருது வருஷம் ஐப்பசியில், முதல் மழைக்குப் பிறகு விதைத்த புல் அது. வாய்க்கால் இஞ்சினீர் துரையின் துரைசானிக்குப் பங்களா முன்னால் தன் ஊர்ப் புல் வேண்டியிருந்தது. விதை கப்பலில் வந்தது. குமாஸ்தாக்களில் பி.ஏ. படித்தவன் சிவசைலம் ஒருவன்தான். தாளை அவன் கையில் கொடுத்து, நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார் துரை. அப்பா நிலத்தை விற்றுப் படிக்கவைத்தது புல் வளர்க்க உதவியது.

மண்ணைச் சலித்து விதை தூவினார்கள். மைனா பொறுக்காமலிருக்க மேலே வைக்கோல் பரப்பினார்கள். யாரும் கால் வைக்கக்கூடாதென்று சுற்றிக் கயிறு கட்டினார்கள். அடைமழை பிடித்ததும், விதை அடித்துக்கொண்டு போகாமல் வரப்புப் போட்டு, தேங்கும் தண்ணீரை வடிப்பதற்கு ஆள் நிற்க வேண்டியிருந்தது. சிவசைலம் நின்றான்.

கார்த்திகையில் அவன் மனைவி பிரம்மநாயகிக்குக் காய்ச்சல் கண்டது. லீவு கேட்டான். மழை நிற்கட்டும் என்றார் துரை. மழை ஒரு காலையில் நின்றது. அன்றைக்கே அவள் போய்விட்டாள்.

தீட்டு முடிந்து அவன் பங்களாவுக்குத் திரும்பியபோது தோட்டக்காரன் மந்திரமூர்த்தி கயிற்றோரம் நின்று வரவேற்றான்.

"ஐயா இல்லேன்னு நான் சும்மா இருக்கல. களை பூராத்தையும் புடுங்கிப்புட்டேன்."

சிவசைலம் குனிந்து பார்த்தான். கயிற்றுக்குள் அங்கங்கே அருகு படர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் வாடிக் குவிந்து கிடந்ததுதான் சீமைப்புல்.

"இத ஏன் விட்டு வச்ச?"

"அது அருகுல்லா ஐயா. பிள்ளையாருக்குச் சாத்துத புல்ல நான் புடுங்குவனா? எம் புள்ளகுட்டி வெளங்கவா? மத்தது என்னமோ நோஞ்சான் புல்லு. மாடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு."

கோபம் வரும் என்று சிவசைலம் கொஞ்ச நேரம் காத்திருந்தான். வரவில்லை.

"சரி. தண்ணி விடு."

அருகு ஒரே மூச்சில் பரவியது. மார்கழியில் வாதாமரத்து இலைகள் சிவந்து விழுந்தன. அடியில் புல் வெளுத்துப்போகாமல் காலையும் மாலையும் பொறுக்கினார்கள். அரிவாளால் நுனி மட்டும் அறுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்களின் வருஷப்பிறப்பன்று கயிற்றை அவிழ்த்தார்கள். துரைசானி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தாள். சொந்த ஊரில் நடப்பதுபோல் இருக்கிறது என்று கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். எங்கள் விதைதானே என்று துரை பெருமையாகக் கேட்டார். ஆமாம் என்றான் சிவசைலம். மறுநாள் மறுபடி கயிறு கட்டச் சொன்னார்கள்.

தையில் மாமனார் அம்மையப்பன் சீவலப்பேரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பங்களாவுக்கே வந்துவிட்டார். எதற்கு வந்திருக்கிறார் என்று சிவசைலத்துக்குத் தெரியும். பதினாறாம் நாள் சடங்கில், உறவு முழுக்கக் கூடியிருந்தபோது, மாமியார் பார்வதியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "எம் புள்ள உசுரு போகையில எங் கையப் புடிச்சுக்கிட்டு, 'தங்கச்சிய அவுகளுக்குக் கட்டி வச்சிருங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனா." தங்கச்சி சண்முகசுந்தரி அப்போது தூணுக்குப் பின்னால் நின்றாள். இன்னும் தெருப் பிள்ளைகளோடு பாண்டி ஆடுகிற பெண். போகிறவள் சொன்ன சொல்லை அந்தக் குடும்பத்தில் யாரும் தட்டியதில்லை. தட்டினால் அவள் வாசலிலேயே அலைவாள் என்பார்கள். எல்லோரும் சிவசைலத்தைப் பார்த்தார்கள். அவன் தலையைத் தூக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அம்மையப்பன் கயிற்றுக்கு வெளியே நின்று புல்லைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. மாடு எத்தன நிக்கி?"

"மாடு இல்ல மாமா. பாக்கதுக்கு."

"பாக்கதுக்கா?" அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "வயிறு நெறஞ்சவன் யோசன."

மந்திரமூர்த்தி அந்தக் கோடியில் உட்கார்ந்து நுனி அறுத்துக்கொண்டிருந்தான். அம்மையப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"தைக் கடைசியில ஒரு நாள் பாத்திருக்கு மாப்பிள்ள. கேட்டுட்டு வரச் சொன்னா உங்க அத்த."

"சுந்தரி என்ன சொல்லுதா?"

"அவ என்னத்தச் சொல்லுவா. சரியா சாப்பிட மாட்டேங்கா. அக்கா சீலைய எடுத்துக் குடுத்தா, தொடாம ஓடுதா." மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எனக்கே மனசில்ல. சின்னப் புள்ள. ஆனா நாயகி சொல்லிட்டுப் போயிருக்கா. நான் என்ன செய்ய? நான் வைத்தியரக் கூட்டியாரப் போயிருந்தேன், கேக்கல. நீங்க அங்கனதான நின்னீங்க. ஒங்க காதால கேட்டீங்களா? ஆமான்னு ஒரு சொல்லு சொல்லுங்க. இன்னைக்கே பாக்கு மாத்திருவோம்."

ஆமாம் என்பது லேசான சொல். இதே இடத்தில் நின்று துரையிடம் சொல்லியிருக்கிறான், ஒன்றும் ஆகிவிடவில்லை. இல்லை என்றால் அத்தை ஊர் நடுவில் பொய் சொன்னவள் ஆவாள். சீவலப்பேரி வீட்டில் இனி அவனுக்கு இலை போடமாட்டார்கள். நாயகியைப் பற்றிப் பேசுவதற்கு அவனுக்கு வேறு வீடு கிடையாது.

அவள் போன அன்று, மழை நின்றதும் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, முட்டளவு சேற்றோடு வீட்டுக்கு ஓடினான். அறை வாசலில் நின்றான். தலைமாட்டில் அத்தை விசிறிக்கொண்டிருந்தாள். நாயகி கண்ணைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். தான் மெழுகி வைத்த தரையில் யார் கால் பதித்தாலும் பொறுக்காதவள். ஒன்று சொன்னாள். கிணற்றடிக்குப் போக அவன் திரும்புவதற்குள் விசிறி நின்றுவிட்டது.

"கேட்டேன் மாமா," என்றான் சிவசைலம். "அத்தையும் கேட்டாக. கல்யாணத்தப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல."

அம்மையப்பன் துண்டைத் தோளில் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பைய, பெண்ணைப் பெற்றவர் கேட்கிற குரலில் கேட்டார்.

"பின்ன என்னதான் சொன்னா?"

"'காலக் கழுவிட்டு உள்ள வாங்க. ஒரே புல்லாருக்கு.'"